புதிய அரசியல் யாப்புக்கு மறுபடியும் கருத்துக் கேட்டு வந்தால் போவீர்களா?

குளத்தடி (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 தேர்தல்களுக்கு முன் இப்போதைய அரசாங்கம் கொடுத்த வாக்குறுதிகளில் புதிய அரசியலமைப்பும் ஒன்று. 2015இலிருந்து 2019 வரை நடந்த வேலையை விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிப்போம் என்றார்கள். அப்படியானால் ஒருநாள் மறுபடியும் கச்சேரி (மாவட்டச் செயலக) மண்டபத்தில் மேசை போடுவார்கள், பெயர் பதிவார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். அந்த நாள் வந்தால் போவதா, விடுவதா என்று எங்கள் வீட்டில் இப்போதே கதை தொடங்கிவிட்டது.

எங்கள் கதை இதுதான். 2009 மே மாதம் வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றப்பட்ட பிறகு தம்பியை நாங்கள் காணவில்லை. அம்மா இதுவரை நான்கு விசாரணைக் குழுக்களுக்கு முன்னால் போய் இருந்திருக்கிறார். எந்தக் குழு என்பது இங்கே தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், போட்டிருந்த சேட்டின் நிறம் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் குழுவுக்குச் சொன்னது இரண்டாவது குழுவிடம் இல்லை, இரண்டாவதுக்குச் சொன்னது மூன்றாவதிடம் இல்லை. கடதாசிகளின் கொப்பி எல்லாம் ஒரு துணிப்பையில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கடைசித் தடவை வந்தபோது அம்மா சொன்னது: "இனி வந்தால் இந்தப் பையை அப்படியே குடு, நான் வரேல்லை."

2017 பெப்ரவரியில் கந்தசாமி கோயில் வாசலில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அதனால் "கலந்துரையாடல்", "தேசிய உரையாடல்" என்ற சொற்களைக் கேட்டாலே எனக்கு வயிறு கனக்கிறது. ஆனாலும் போகாமல் விட்டால் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. 2016இல் யாப்புக்குக் கருத்துச் சொல்லப் போனவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். என்ன நடந்தது? நீங்கள் சொன்னது எங்கே போனது?

பழைய கந்தோர் (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, நான் போனவன். ஓய்வுபெற்ற மாகாண நிர்வாக உத்தியோகத்தன். எழுதியே கொண்டுபோய் வாசித்தேன்.

2016 மார்ச்சில் பாராளுமன்றம் முழுவதையும் அரசியலமைப்புச் சபையாக மாற்றும் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு முன்பே சட்டத்தரணி லால் விஜேநாயக்க தலைமையில் 20 பேர் கொண்ட கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்விட்டு வந்திருந்தது. மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். அதை நான் வடிவாக வாசித்தேன். நேர்மையான அறிக்கை என்றுதான் சொல்வேன். உடன்படாத இடங்களில் ஒரே பரிந்துரையாக மழுப்பாமல், இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று மாற்று யோசனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சமஷ்டி (கூட்டாட்சி) கேட்டவர்களின் குரலும் அதில் உண்டு, ஒற்றையாட்சி மாறக்கூடாது என்றவர்களின் குரலும் உண்டு.

பிறகு ஆறு உப குழுக்கள், அதற்கு மேல் வழிநடத்தல் குழு. 2017 செப்டெம்பர் 21 அன்று இடைக்கால அறிக்கை வந்தது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ஆளுங்கட்சிகள் தோற்றன. அதோடு யாப்பைத் தொட எவருக்கும் துணிவில்லை. ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார், பாராளுமன்றத்தையும் கலைத்தார். கலைத்தது செல்லாது என்று டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் நிபுணர்களின் நகல் ஒன்று சபையில் வைக்கப்பட்டது. ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன, நவம்பரில் ஆட்சி மாறியது. நகல் தூசு பிடித்தது.

ஆக நான் வாசித்தது எங்கே போனது என்று கேட்டால், ஒரு நல்ல அறிக்கைக்குள் போனது. அந்த அறிக்கையை ஒரு திகதிக்குள் இத்தனை பேர் வாக்களித்து முடிவெடுக்க வேண்டும் என்று யாரையும் எதுவும் கட்டிப்போடவில்லை.

மார்க்கம்வாசி (கனடா)

ஐயா மன்னிக்க வேண்டும், நீங்கள் 2016இலிருந்து கணக்குத் தொடங்குகிறீர்கள். நான் 1957இலிருந்து தொடங்குகிறேன். பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் ஜூலையில் கைச்சாத்தானது, அடுத்த ஏப்ரலில் பிக்குமார் பிரதமர் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் வந்து இருந்ததும் கிழிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்கவோடு ஒப்பந்தம், மாவட்ட சபை மூன்று வருடத்தில் கைவிடப்பட்டது. 1984 சர்வகட்சி மாநாடு. 1985 திம்புப் பேச்சுவார்த்தை. 2000 ஓகஸ்டில் யாப்பு நகல் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரிந்தது. 2006இல் சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழு, வருடக்கணக்காக இருந்தார்கள், யுத்தம் முடிந்ததும் அதன் தேவையும் முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி சர்வகட்சிக் கூட்டம் கூட்டி, 75ஆவது சுதந்திர தினத்துக்குள் தீர்வு என்றார். அந்த நாள் வந்து நாலாம் நாள் பாராளுமன்றத்துக்குப் போகிற வழியில் பிக்குமார், மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள்.

நான் 1986இல் வெளிக்கிட்டவன். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தே எனக்கு வயது போய்விட்டது. ஒற்றையாட்சிக்குள் எதுவும் கிடைக்காது. வெளியிலிருந்து அழுத்தம் இல்லாமல் கொழும்பு அசையாது. சர்வதேச விசாரணைக்கு வேலை செய்யுங்கள். மண்டபத்தில் போய்ப் பத்து நிமிடம் பேசுவது, அவர்கள் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் காட்டுவதற்குப் படம் எடுத்துக் கொடுப்பதில்தான் முடியும்.

மதுரை வாசகன்

நான் தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் "13ஆவது திருத்தம்" என்பதை முப்பது வருஷமாக மேடையில் கேட்கிறோம். அதை முழுமையாக அமல்படுத்து என்று எல்லாக் கட்சியும் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த மாகாண சபைக்கு என்ன அதிகாரம் இருந்தது, எது இல்லை என்று யாரும் விளக்கியதில்லை. எங்கள் மாநில சட்டமன்றம் மாதிரியா? உள்ளே வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறாரே என்பதால் கேட்கிறேன் ஐயா.

பழைய கந்தோர்

நல்ல கேள்வி தம்பி. உங்கள் சட்டமன்றம் மாதிரி இல்லை.

1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தம், அந்த நவம்பரில் 13ஆம் திருத்தம். தாளில் மூன்று அதிகார நிரல் (பட்டியல்) உண்டு. மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. கல்வி, சுகாதாரம், விவசாயம், வீதி, உள்ளூராட்சி, காணி, பொலிஸ் என்று மாகாண நிரலில் நிறையவே இருக்கும். வாசித்தால் நெஞ்சு நிறையும்.

மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும். காணிக்கு ஒரு தேசிய காணி ஆணைக்குழு அமைக்க வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. இன்றுவரை அமைக்கவில்லை. பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் போகவில்லை, தெற்கு மாகாணங்களுக்கும்தான். நிறைவேற்று அதிகாரம் ஆளுநரின் கையில். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வடக்கு சபை முதலமைச்சர் நிதியம் ஒன்று உருவாக்க நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) கொண்டுவந்தது. வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் அனுப்பும் பணத்தை விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்க்க ஒரு முறையான வழி. அது ஆளுநரின் சம்மதம் கிடைக்காமலே போனது. நல்ல பாடசாலையா, "தேசிய பாடசாலை" என்று பெயர் மாற்றினால் மத்திக்குப் போய்விடும். ஒரு கையால் கொடுத்ததை மற்றக் கையால் எடுப்பதற்குப் பொதுநிரல் ஒன்றே போதும்.

ஆனாலும் அது வெறும் ஓடு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2012இல் "வாழ்வின் எழுச்சி" சட்டமூலம், திவிநெகும என்பார்களே, அது வந்தபோது மாகாணங்களின் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிரதம நீதியரசர் மீதே குற்றப்பிரேரணை கொண்டுவந்து 2013 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒன்றுக்கும் உதவாத திருத்தமாக இருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்போதைய நிலை அதைவிட மோசம். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் ஒரே ஒரு தேர்தல், 38இல் 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. கிழக்கு அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்துவிட்டது. 2017இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. சபையில் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்கள் நடத்துகிறார்கள். நான் வேலை செய்த கந்தோரில் இன்று முடிவெடுப்பவர் எவரும் மக்கள் வாக்கில் வந்தவரில்லை. அதை நினைத்தால் இரவில் நித்திரை வராது.

மதுரை வாசகன்

நன்றி ஐயா. ஒன்பது மாகாணத்திலும் தேர்தல் இல்லை என்பதே எனக்குப் புதுச் செய்தி. வடக்கு கிழக்கில் மட்டும்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

இருமொழி (வவுனியா)

நான் சிங்களம் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மார்க்கம் அண்ணை "ஒற்றையாட்சிக்குள் எதுவும் கிடைக்காது" என்றார். அந்தச் சொல்லைப் பற்றியே எழுதுகிறேன், ஏனென்றால் 2017இல் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது அங்கேதான்.

1972 யாப்பும் 1978 யாப்பும் இரண்டாம் உறுப்புரையில் இலங்கையை சிங்களத்தில் "ஏக்கீய ராஜ்ய" என்கின்றன, தமிழில் "ஒற்றையாட்சி" என்கின்றன. இடைக்கால அறிக்கை என்ன செய்தது? சிங்களத்தில் அதே "ஏக்கீய ராஜ்ய" இருக்கட்டும் என்றது. தமிழில் "ஒருமித்த நாடு" என்று மாற்றியது. ஆங்கிலச் சொல் பொருத்தமில்லை என்று அதை எடுத்தே விட்டது. பிறகு இரண்டு சொல்லுக்கும் ஒரே விளக்கம் எழுதியது: பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு, யாப்பை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திடமும் மக்களிடமும் இருக்கும் நாடு. மத்தியும் மாகாணங்களும் யாப்பில் சொன்னபடி அதிகாரத்தைப் பயன்படுத்தும் என்றும் அந்த உறுப்புரையிலேயே சேர்த்தது.

தொழில் செய்பவளாக எனக்கு இது பிடித்திருந்தது, முதல் வாசிப்பில். ஒரு மொழிக்குப் பயம் பிரிவினை, மற்ற மொழிக்குப் பயம் ஒரே இடத்தில் குவிந்த ஆட்சி. இரண்டு பயத்துக்கும் தனித்தனியாக ஒரு சொல், நடுவில் ஒரே பொருள். சட்டத்தில் விளக்கம் எழுதிவிட்டால் சொல்லின் பழைய சுமை போய்விடும் என்று நம்பியிருக்கிறார்கள்.

சுமை போகவில்லை. தெற்கில் ஒரு கூட்டம், தமிழில் வேறு சொல் போட்டிருக்கிறார்கள், உள்ளே சமஷ்டி ஒளிந்திருக்கிறது என்றது. வடக்கில் ஒரு கூட்டம், சிங்களத்தில் பழைய சொல்தானே இருக்கிறது, நீதிமன்றம் அதைத்தானே பார்க்கும் என்றது. இரண்டு பக்கமும் மற்ற மொழியின் சொல்லைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள். அந்த நாட்களில் வேறு வேலைக்காகப் பொலநறுவைப் பக்கம் ஒரு கிராமக் கூட்டத்துக்கு உரைபெயர்க்கப் போயிருந்தேன். ஒரு வயதான விவசாயி என்னிடம் தனியாகக் கேட்டார்: "மகள், உங்கள் சொல்லின் அர்த்தம் என்ன? எங்களுக்கு யாரும் சொல்லவில்லை." பத்து நிமிடம் விளக்கினேன். அவர் திருப்பிக் கேட்டது: "அப்படியென்றால் எங்கள் மாகாணத்துக்கும் அதிகாரம் வருமா? வாய்க்கால் திறக்கக் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தேவையில்லையா?"

அந்த மனிதரோடு அந்த விளக்கத்தைக் கதைக்க வேண்டிய அரசியல்வாதி ஒருவரும் அங்கே போகவில்லை. கொழும்பில் ஒரு அறைக்குள் சொல்லைக் கண்டுபிடித்தார்கள், அறைக்கு வெளியே அதைக் கொண்டுபோக ஆள் வைக்கவில்லை. எதிர்த்தவர்கள் வீடு வீடாகப் போனார்கள். எனக்கு இன்றும் அதுதான் ஆறாத கவலை.

குளத்தடி

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். "ஒருமித்த நாடு" என்ற சொல்லைப் பேப்பரில் பார்த்தேன், அதற்கு விளக்கம் எழுதியிருந்தார்கள் என்பது இன்றுதான் தெரியும். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அன்று நடந்த சண்டை முழுக்க சொல்லைப் பற்றித்தான், விளக்கத்தை ஒருவரும் வாசித்திருக்கவில்லை.

ஏறாவூர்க் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும்.

இந்த இழையில் இதுவரை "எங்கள் ஆட்கள்", "அவர்கள்" என்று இரண்டு பக்கம்தான் வந்திருக்கிறது. மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு. திம்புவில் எங்களுக்குத் தனிக் கதிரை இல்லை. 1987 ஒப்பந்தத்திலும் இல்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பாவின் வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு அத்திவாரம் மட்டும்தான் கிடைத்தது.

வடக்கும் கிழக்கும் இணைய வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது உங்களுக்கு அது தாயகம். கிழக்கு முஸ்லிமுக்கு அது, மாகாணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பவன் ஒரே இரவில் சிறு பங்காகிவிடும் கணக்கு. இணைப்பே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எங்களோடு முதலில் இருந்து கதையுங்கள், அப்புறம் கொழும்போடு கதையுங்கள் என்கிறேன். கல்முனை வடக்கு பிரதேச செயலகத்துக்கு எல்லை போடுவதற்கே இத்தனை வருடம் தமிழரும் முஸ்லிமும் ஒரு மேசையில் முடிவுக்கு வர முடியவில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்து தா என்று மேலே கேட்கிற நாங்கள் பக்கத்து ஊரோடு ஒரு கந்தோரைப் பகிர முடியாமல் நிற்கிறோம். இதில் எங்கள் பக்கத் தலைவர்களின் பிழையும் சரிபாதி.

2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தபோது, வடக்கில் தமிழ்ச் சகோதரர்கள் எங்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் எங்கள் பிரச்சினையும் ஒரு கோரிக்கையாக இருந்தது, எங்கள் ஊர்களில் ஆட்கள் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். யாரும் குழு அமைத்துக் கருத்துக் கேட்டு நடந்த காரியமில்லை அது. அதனால்தான் எனக்கு இன்னும் நம்பிக்கை.

மார்க்கம்வாசி

காக்கா, 1990 நடந்தபோது நான் இங்கே பனியில் இருந்தேன். அன்று நாங்கள் வாய் திறக்கவில்லை. அது பிழை. "பாதுகாப்புக்காக" என்று யாரோ சொன்ன காரணத்தைத் திருப்பிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

என் பட்டியலில் இருப்பவை எல்லாம் கொழும்பு செய்தவை. எங்கள் பக்கம் செய்ததும் அதில் இருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சர்வதேச விசாரணை பற்றிய என் நிலைப்பாடு மாறவில்லை.

டிக்கோயா மலை

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள், நான் வங்கியில் வேலை. மாகாண சபை, இணைப்பு, சமஷ்டி எல்லாம் வாசிக்கிறேன், எல்லாம் நியாயம்தான். ஆனால் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் சிதறிக் கிடக்கிற எங்களுக்கு எந்த எல்லையைப் போட்டாலும் நாங்கள் அதற்குள் சிறுபான்மைதான். மாகாணத்துக்கு அதிகாரம் கொடு என்றால் எங்களுக்கு வருவது என்ன என்று யாரும் எழுதுவதில்லை.

1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி. அந்த மேசையில் எங்களைக் கேட்கவே இல்லை. நாடற்றவர் பிரச்சினை முடிய 2003 வரை போனது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பெரிய யாப்பை விட எங்கள் வாழ்க்கையைத் தொட்டது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் காசைச் செலவழிக்க முடியாது. நாங்கள் வாக்குப் போடுவோம், எங்கள் ஆளே தலைவராக வருவார், ஆனால் லயத்துக்கு (எங்கள் வரிசை வீடுகளுக்கு) முன்னால் இருக்கிற பாதைக்கு ஒரு லோடு மண் கொட்டச் சட்டம் விடாது, அது கம்பனி நிலம். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். சர்வஜன வாக்கெடுப்பு இல்லை, பெரிய விழா இல்லை. 31 வருஷம் ஒரு வரி எங்களைப் பிரஜை ஆக்காமல் வைத்திருந்தது. அந்த வரி எந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்து விடாமல் கேட்டபடியால்தான் அது மாறியது.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். முன்னோர் நடந்த பாதை. மன்னார்ப் பக்கம் ஆட்கள் வாசலில் நின்று மோரும் தண்ணியும் கொடுத்தார்கள். அங்கேயும் மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன, காணி உறுதி இல்லாமல். குளத்தடி அக்கா, உங்கள் கிளிநொச்சியிலும்தான். அதையும் யாராவது மேசையில் வையுங்கள்.

குளத்தடி

வைக்க வேண்டும் தம்பி. என் வகுப்பிலேயே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காணிப் பிரச்சினையை நான் ஒருநாளும் அரசியலாக யோசிக்கவில்லை என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மதுரை வாசகன்

வேறு நாடுகளில் இப்படிக் கேட்டது எங்காவது முடிவில் போய் நின்றிருக்கிறதா?

இருமொழி

எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். தென்னாபிரிக்காவில் யாப்பு எழுதும் சபைக்கு இரண்டு வருடக் கெடு இருந்தது. ஏறத்தாழ இருபது லட்சம் மனுக்கள் வந்தன. அதைவிட முக்கியம், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட 34 கொள்கைகளுக்கு நகல் பொருந்துகிறதா என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும். 1996 செப்டெம்பரில் நீதிமன்றம் முதல் நகலைத் திருப்பி அனுப்பியது. திருத்திக் கொண்டுவந்த பிறகுதான் ஏற்றது. பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக கொடுத்த வாக்குறுதியை மறக்க முடியாதபடி ஒரு பூட்டு.

வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10 அன்று ஒப்பந்தம், மே 22 அன்று மக்கள் வாக்கெடுப்பு. ஆறு வாரம். ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டுக்கு வீடு தபாலில் போட்டார்கள். எதிர்ப்பவர்களும் அங்கே பலமாகத்தான் இருந்தார்கள், ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பயமுறுத்த அவகாசம் கிடைக்கவில்லை. எங்களுக்கு இடைக்கால அறிக்கை வந்த நாளிலிருந்து உள்ளூராட்சித் தேர்தல் வரை நாலரை மாதம், அதற்குப் பிறகும் வெறுமையாக மாதங்கள். அந்த இடைவெளியில் பயம் மட்டும்தான் வளர்ந்தது.

இன்னொன்று, எல்லோரும் தவிர்க்கிற விஷயம். இன்று ஆட்சியின் மையத்தில் இருக்கிற கட்சியான ஜே.வி.பி. 1987இல் ஒப்பந்தத்தையும் மாகாண சபையையும் ஆயுதத்தோடு எதிர்த்தது. வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006இல் வந்த தீர்ப்பும் அவர்கள் போட்ட வழக்கில்தான். அதே தரப்புக்கு 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனம் கொடுத்தோம். தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சிக்கு அங்கே அப்படி முதலிடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மக்கள் பழையதை மறந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள்.

மார்க்கம்வாசி

கொடுத்த வாய்ப்புக்கு என்ன வந்தது என்று கேட்பதும் அந்த மக்களின் உரிமைதானே. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையதும். பள்ளிக்கூடப் பை ஒன்றும் வந்தது. அதற்குப் பதில் இல்லாமல் யாப்பைப் பற்றி மட்டும் எப்படிக் கதைப்பது?

பழைய கந்தோர்

இரண்டையும் சேர்த்துத்தான் கதைக்க வேண்டும், ஒன்றுக்காக மற்றதைக் காக்க வைக்கக் கூடாது. 2017 ஜனவரியில் மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான செயலணி நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கேட்டு அறிக்கை கொடுத்தது. 7,000க்கும் மேற்பட்ட சமர்ப்பணங்கள். சிங்களத் தாய்மாரும் வந்து சொன்னார்கள், 1989இல் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைப் பற்றி. அந்த அறிக்கையை ஜனாதிபதியோ பிரதமரோ நேரில் வந்து வாங்கவில்லை. இவ்வளவு கேட்டுவிட்டு வாங்க வராத அந்த நாளைத்தான் நான் மிகப் பெரிய அவமதிப்பாக நினைக்கிறேன்.

இனி என் கருத்து. புதிய யாப்புக்கு மூன்றில் இரண்டு, அதோடு இரண்டாம் உறுப்புரையைத் தொட்டால் சர்வஜன வாக்கெடுப்பு. நாள் எடுக்கும். மாகாண சபைத் தேர்தலுக்கு இதெல்லாம் வேண்டாம். பழைய விகிதாசார முறைக்குத் தற்காலிகமாகத் திரும்புகிறோம் என்று ஒரு சிறு திருத்தம் போதும். 225இல் 159 ஆசனம் வைத்திருப்பவர்களுக்கு வாக்கெண்ணிக்கை ஒரு சாட்டே இல்லை. காக்கா, உங்கள் கிழக்கிலும் சபை வரும். டிக்கோயாத் தம்பி, மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் உங்கள் ஆட்கள் மறுபடி சபையில் இருப்பார்கள். பொலநறுவை விவசாயிக்கும் வடமத்திய மாகாண சபை வரும். ஒரே கோரிக்கை, நாலு பக்கத்துக்கும் பொருந்தும். கருத்துக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் இதைக் கேட்பேன்: இருக்கிற சட்டத்தில் இருக்கிற தேர்தல் எப்போது?

ஏறாவூர்க் காக்கா

இதில் எனக்கு முழுச் சம்மதம் ஐயா. இணைப்பா பிரிப்பா என்ற வாதத்தை ஒத்திவைக்காமலே இதைக் கேட்கலாம்.

டிக்கோயா மலை

எனக்கும் சம்மதம். ஆனால் நான் மேலே எழுதிய காணி உறுதியும், நுவரெலியாவில் பிரதேச செயலகங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் விஷயமும் அடுத்த வரியில் வர வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று 1964இல் கேட்டுவிட்டோம்.

குளத்தடி

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். செம்மணி வந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, சிங்களத் தாய்மாரைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். "அவையளுக்கும் முப்பத்தஞ்சு வருசமோ?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பையை இறக்கி, கடதாசிகளைத் திகதி வரிசையில் அடுக்கினோம். வந்தால் போவதென்று முடிவு. பத்து நிமிடத்தில் தம்பியின் கதையை ஐந்தாம் தடவை அம்மா முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நாலு கடதாசியின் கொப்பியையும் மேசையில் வைத்து, இந்த நாலிலும் நாங்கள் சொன்னது இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேட்பது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தல் திகதி. அதன் பிறகு கிளிநொச்சியில் மலையகக் குடும்பங்களின் காணி உறுதி. நாங்கள் கொடுப்பதற்கு ஒரு பற்றுச்சீட்டும், பதில் வரும் திகதியும் வாங்காமல் எழும்புவதில்லை.

காக்கா, டிக்கோயாத் தம்பி, உங்கள் விஷயத்தை நீங்களே உங்கள் சொல்லில் ஆளுக்கு ஐந்து வரி எழுதி அனுப்புங்கள், என் சொல்லில் எழுதினால் பிழைத்துவிடும். இருமொழி அக்கா, எல்லாவற்றையும் சிங்களத்திலும் ஒரு பக்கம் ஆக்கித் தருவீர்களா? இரண்டு மொழியிலும் ஒரே சொல் வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இருமொழி

அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரம் இருந்து செய்து தருகிறேன்.